சுவருக்கு மேல் நீண்ட கை

ரசம் ஊற்றும்போதே மேசை ஆடியது. இலையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார் சுருளியாண்டி.

ஆடாமல் என்ன செய்யும்? கடமலைக்குண்டு டாக்கீஸ் கல்யாண மண்டபமாகிவிட்டது. திரை கட்டியிருந்த இடத்தில் மணமேடை, மணல் தரையில் டைல்ஸ், எல்லாம் சரிதான். ஆண்களையும் பெண்களையும் பிரித்து நடுவில் ஓடிய சுவரை மட்டும் ஒழுங்காகப் பெயர்க்கவில்லை. பந்தி நடுவே இன்னும் மேடுதட்டிக் கிடக்கிறது.

அந்த மேட்டைப் பார்த்தாலே பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் பெண்டாட்டி பாண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கல்யாணமான புதிதில் சனிக்கிழமைப் படம் இங்கேதான். இருட்டில் சுவருக்கு மேலே புருஷன்மார் கை நீளும். பெண்கள் பக்கம் முறுக்கும் கடலை மிட்டாயும் இறங்கும். இவருடைய கை மட்டும் வந்ததேயில்லை. இதையெல்லாம் கேட்டா வாங்கித் தின்பது? மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். பேரன் பேத்தி எடுத்தும் அது ஆறவில்லை.

இப்போது மனுஷன் தன் இலையிலிருந்த ஜாங்கிரியை எடுத்து அவள் இலையில் வைக்கிறார்.

"அன்னைக்கு ஒரு கடலை மிட்டாய்க்கு வழியக் காணோம். இன்னைக்கு என்ன புதுசா?"

"அடிப்பாவி! வாராவாரம் சுவத்துக்கு மேல நீட்டுனேனே. வாங்கிக்கிட்டு என் கையை ரெண்டு தட்டு தட்டுவியே, அதையுமா மறந்துட்ட?"

பாண்டீஸ்வரி எடுத்த சோற்றை இலையிலேயே போட்டாள்.

சுவரை ஒட்டிய தூணோரம் உட்காரச் சொல்லித்தான் இவர் அனுப்புவார். ஆனால், வயசுப்பிள்ளை சுவரோரம் உட்காரக் கூடாதென்று அவளை நாலு ஆள் தள்ளி நகர்த்திவிட்டு, அந்த இடத்தில் மாமியார் பஞ்சம்மாள் உட்கார்ந்துகொள்வாள்.

கிழவி! அத்தனை மிட்டாயையும் முழுங்கிவிட்டு மூச்சுக்கூட விடவில்லையே!

வாய்வரை வந்த வசவை அவளால் கொட்ட முடியவில்லை. தாலி அறுத்த நாளிலிருந்து சிரிப்பையே மறந்தவள் பஞ்சம்மாள். ஆத்தா சாகிற வரைக்கும் தன்னை ஆசையாகத் தொட்டு ஒரு வார்த்தை பேசவில்லையே என்று, திதி கொடுக்கிற அன்றைக்கெல்லாம் இவர் கலங்கிப்போவார்.

"அது நான் இல்ல" என்றாள் மெதுவாக. "தூணோரம் உங்க ஆத்தாதான் உக்காந்திருப்பாக."

சுருளியாண்டி சோறு ஒட்டிய வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

பந்தி எழுந்தது. அவர் மட்டும் கை கழுவப் போகவில்லை.