நடுப்பற்கள்

ஸ்டீயரிங் பெட்டிக்குள் நடுப்பற்கள்தான் முதலில் தேயும். வண்டி பெரும்பாலும் நேராகத்தானே போகிறது. இந்தப் பழைய காரில் அவை புதிதாக இருந்தன. இடது ஓரத்துப் பற்கள்தான் மழுங்கியிருந்தன. மீட்டரில் 41,206.

“அப்பா போனதுலேர்ந்து யாரும் எடுக்கலண்ணே. ஷெட்டு பூட்டியேதான் கெடக்கு,” என்றாள் இறந்துபோன கார்க்காரரின் மகள். வாங்க வருகிறவர்களெல்லாம் ஸ்டீயரிங் ஆடுகிறது என்று திரும்பிவிடுகிறார்களாம்.

“ஷெட்டுல வண்டிக்கு இடப்பக்கம் என்ன இருக்கும்மா?”

“சுவருதான். அதுக்கு அந்தப் பக்கம் அம்மா படுத்திருக்காங்க.”

இந்த வயதில் காருக்கடியில் படுத்து எழுவதே எனக்குப் பெரும்பாடு. பற்களை மாற்றிவிட்டு வந்தேன்.

நான்கு மாதத்தில் மறுபடி கூப்பிட்டாள். மீட்டரில் 41,206. இடது ஓரம் பழையபடி மழுங்கியிருந்தது. ஏன் என்று கேட்கத் தெம்பில்லை. மறுபடி மாற்றினேன்.

மூன்றாம் முறை போனபோது, அம்மாவின் கட்டிலைக் கழற்றி ஷெட் சுவரில் சாய்த்திருந்தார்கள்.

“போன மாசம் தவறிட்டாங்கண்ணே. வண்டி இப்பவும் ஆடுது.”

மீட்டரைப் பார்த்தேன். 41,206. பெட்டியைத் திறந்தேன். இடது ஓரம் நான் போட்டது போட்டபடியே பளபளத்தது. நடுப்பற்கள் தேய்ந்திருந்தன, நேர்ச்சாலையில் வெகுதூரம் போன வண்டிக்குத் தேய்வதுபோல.