நாலாம் நம்பர் பொத்தான்

ஜவுளிக்கடையின் கண்காணிப்பு அறையில் அது அவளுக்கு முதல் நாள்.

போன வாரம்வரை கீழே, ஆறாம் கவுண்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். மூன்று வருடம். யாரோ தன்னை உற்றுப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று தோன்ற ஆரம்பித்தது அங்கேதான். நிமிர்ந்தால் யாரும் இருக்கமாட்டார்கள். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டாள். தோளைக் குறுக்கிக்கொண்டாள். கடைசியில் சோறும் போயிற்று, தூக்கமும் போயிற்று.

உன்னை எவன் பார்க்கப்போகிறான் என்று கணவன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. மனப்பிரமை என்று மாத்திரை எழுதினார். போகப் போக, தனக்குப் பைத்தியம் பிடிக்கிறது என்று அவளே நம்பிவிட்டாள். மேனேஜர் இரக்கப்பட்டு மேலே மாற்றினார். இங்கேயும் சரிப்படாவிட்டால் வேலையை மறந்துவிடலாம் என்றும் சொல்லிவைத்தார்.

அந்த அறைக்குப் பொறுப்பானவரைக் கடையில் எல்லோரும் பெரியப்பா என்பார்கள். தங்கமான மனுஷன். பெண்களிடம் குனிந்த தலை நிமிராமல்தான் பேசுவார். பொத்தான்களைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். ஒன்றை அழுத்தினால் கேமரா தானாகத் திரும்பி வாசலைக் காட்டும், இரண்டு லிஃப்ட், மூன்று படிக்கட்டு. எந்த இடம், எந்த உயரம், எவ்வளவு கிட்டத்தில் என்று ஒவ்வொரு எண்ணிலும் அவரே குறித்துவைத்திருந்தார்.

"நாலை மட்டும் தொடாதம்மா, அது மக்கர் பண்ணும்" என்றுவிட்டு டீ குடிக்கப் போனார்.

தொடாதே என்றால் விரல் சும்மா இருக்குமா?

கேமரா மக்கர் பண்ணவில்லை. வழுக்கிக்கொண்டு திரும்பியது. கூட்டத்தைத் தாண்டி, தொங்கும் துணிகளைத் தாண்டி, கிட்டே கிட்டே போய் ஓரிடத்தில் நின்றது.

ஆறாம் கவுண்டர். அவளுடைய நாற்காலியில், இன்று காலை வேலைக்குச் சேர்ந்த புதுப்பெண்.

திரை முழுக்க அந்தப் பெண்ணின் முகம். நெற்றியிலிருந்து தாடைவரை, அளவெடுத்த மாதிரி.

முகம்தானே என்று மூச்சு விட்டாள். கல்லாவுக்குக் காவலாக இருக்கும். பெரியப்பாவைப் போய் ஒரு நொடி தப்பாக நினைத்துவிட்டோமே என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் உறைத்தது.

காலையில் அந்தப் பெண்ணிடம் கல்லாச் சாவியைக் கொடுத்தபோது குனிந்து பேச வேண்டியிருந்தது. அவள் இவளைவிட ஒரு தலை குள்ளம்.

இந்த உயரம் இன்றைக்குக் குறித்ததல்ல. குறித்தபோது அந்த நாற்காலியில் இருந்தவள் இவள். இவள் உட்கார்ந்தால் அந்த உயரத்தில் வருவது முகமல்ல, மார்பு.

புதுப்பெண்ணுக்கு ஏற்ப மாற்ற அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கூடவே, வெளியே சொல்லக் கூசும் ஒரு நிம்மதி. மூன்று வருடமும் அவள் புத்தி சரியாகத்தான் இருந்திருக்கிறது.

வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. வேறு எண்ணை அழுத்த நேரம் இருந்தது.

அழுத்தவில்லை. நாற்காலியைத் திருப்பிப்போட்டு, கதவைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.