பெயருக்குப் போன கோடு

கண் மருத்துவமனையின் வரவேற்பு மேசைமேல் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. கணினிக்காரப் பெண் திரையை நிழலுக்குத் திருப்பிக்கொள்கிறாள். இடப்பக்கம் நோயாளிகளின் விவரக் கட்டங்கள். வலப்பக்கம் அவர்கள் கைப்பேசிக்குப் போகும் செய்தியில் நிரப்பவேண்டிய இடங்கள். எதை எதில் நிரப்புவது என்று சுட்டியால் கோடிழுத்துக் காட்டவேண்டும். நேற்று அவசரத்தில் நோய்க் கட்டத்தைப் பெயருக்குரிய இடத்தோடு இணைத்துவிட்டாள். 'அன்புள்ள கண்புரை அவர்களே' என்று ஊரெல்லாம் செய்தி போய்விட்டது. எதிரே, ஒரு கண்ணில் கட்டோடு, ஓய்வுபெற்ற தபால்காரர் விறைப்பாக உட்கார்ந்திருக்கிறார். "முப்பத்தஞ்சு வருஷம் பேரு மாறாம கடுதாசி குடுத்தவன்மா நான். எனக்குப் போயி கண்புரைன்னு பேரா?" "தப்பு என்னுதுதாங்கய்யா. இதோ, இப்பவே மாத்திடுறேன்." அவள் காது மடல் சிவக்கிறது. பழைய கோட்டை அழிக்கிறாள். பெயர்க் கட்டத்திலிருந்து புதிய கோடு ஒன்றை, ஊசியில் நூல் கோக்கிற கவனத்தோடு, மெல்ல இழுத்துக்கொண்டுபோய் ஒட்டுகிறாள். அவருக்கு மட்டும் ஒரு செய்தி அனுப்பிப் பார்க்கிறாள். சட்டைப்பையில் கைப்பேசி சிணுங்குகிறது. அவர் அதை மூக்குவரை கொண்டுபோய், கட்டில்லாத கண்ணால் எழுத்தெழுத்தாக உதட்டசைத்துப் படிக்கிறார். "இனிஷியல்கூட சரியா இருக்கு." விறைத்த தோள் இறங்குகிறது. கைப்பேசியை மேசைமேல் வைத்து அவளைப் பார்க்கிறார். "வந்து சேந்துச்சுன்னு நான் எங்கேம்மா கையெழுத்துப் போடணும்?"