ஐம்பது டிகிரியில் ஒரு பூனை

“வழி விடுங்கண்ணே! எம் பொண்ணு சாகக் கெடக்கா!”

பஸ்ராவில் ஜூலை மாதம், மதியம் ஒரு மணி. ஈரத் துண்டில் சுற்றிய பொட்டலத்தை மார்போடு அணைத்தபடி கால்நடை மருத்துவமனைக்குள் பாய்ந்தான் கஸ்வான். துண்டுக்கு வெளியே ஒரு செம்பட்டை வால் தொங்கியது.

வரிசையில் கிளிக்கூண்டோடு உட்கார்ந்திருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். “பொண்ணு அப்படியே அப்பன் ஜாடை. மீசைகூட இருக்கு!”

“மீசை! மீசை!” என்றது கிளி.

கையில் சமூன் ரொட்டிப் பையும் சிவந்த கண்களுமாக டாக்டர் ரபாப் அப்போதுதான் தெருவிலிருந்து உள்ளே வந்தார். பூனையைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு, அதைப் பிடுங்கி மேசையில் கிடத்தினார்.

“என்னய்யா ஆச்சு?”

“கார்ல இருந்தா டாக்டரம்மா. பத்தே நிமிஷந்தான்!”

“இந்த வெயில்ல ஏசி இல்லாமலா?”

“ஏசி ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு. நான்தான் வண்டிய அணைச்சேன். பின்னாடி இவ தூங்குறதக் கவனிக்கல.”

“மூளையையும் சேத்து அணைச்சுட்டியா?”

கஸ்வான் அவசரமாக ஐஸ் பையை நீட்டினான். டாக்டர் அதைத் தட்டிவிட்டார். “ஐஸ் வேணாம், அதிர்ச்சியிலயே போயிடும். பச்சத் தண்ணி போதும். பாதத்தையும் காதையும் நனை.”

அவன் பூனையோடு தன்னையும் நனைத்துக்கொண்டான். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. சுவரிலிருந்த நாட்காட்டியை உருவி அவன் விசிறத் தொடங்கினான்.

“மெதுவா விசிறப்பா, ஆகஸ்ட் வந்துடப்போகுது” என்றார் கிளிக்காரர்.

ஜெனரேட்டர் உறுமிக் கிளம்பியது. “பேரென்ன?” என்றார் டாக்டர்.

“கஸ்வான்.”

“உன் பேரு எதுக்கு? பூன பேரு!”

அவன் விழித்தான். “லூலூ.”

லூலூ என்று நாலு தடவை கூப்பிட்டும் பூனை அசையவில்லை. அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் குனிந்து, “மிஷ்மிஷ், கண்ணு, எந்திரிம்மா” என்றார். செம்பட்டைப் பூனை என்றால் பஸ்ராவில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

பூனை ஒரு கண்ணைத் திறந்தது. டாக்டரின் விரலை நக்கிவிட்டு, “மியாவ்” என்றது.

“பொழச்சுட்டா!” என்று கஸ்வான் குதித்தான். பெரியவரைக் கட்டிக்கொண்டான், கிளிக்கூண்டுக்கு முத்தம் கொடுத்து மூக்கில் கொத்து வாங்கினான். வலித்தும் சிரித்தான்.

“கழுத்துப்பட்டையில நம்ம ஆஸ்பத்திரித் தகடுதான் தொங்குது” என்றார் டாக்டர், பூனையைத் தடவியபடி.

“அதப் பாத்துதானே நேரா இங்க ஓடியாந்தேன்! இனிமே எந்த வண்டியா இருந்தாலும் பின்சீட்டப் பாக்காமத் தொட மாட்டேன். சத்தியம்!”

டாக்டர் பூனையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவன் முன்னால் கையை நீட்டினார். பெண்களோடு கைகுலுக்கும் பழக்கம் இல்லாத கஸ்வான், மார்பில் கை வைத்து மரியாதையாகத் தலை குனிந்தான்.

“மரியாதையெல்லாம் இருக்கட்டும். ரொட்டிக்கடை வாசல்லேருந்து ஓட்டிட்டுப் போனியே என் கார், அதோட சாவியக் குடு.”