பதினோரு பேர்

விடிந்தும் விடியாமல் வந்து, பைபாஸ் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள்.

கோட்டைத் தாண்டி நடந்து போகிறவர்களை எண்ண வேண்டும். தாண்டுகிறவர்களை மட்டும்.

கையில் எண்ணும் கருவி. சாமி பெயரைச் சொல்லிச் சொல்லி அழுத்துவதற்குக் கடையில் விற்பார்களே, அதேதான்.

முப்பது பேர் நடந்தால், நிறுத்திய டவுன் பஸ்ஸைத் திரும்ப விடலாம். நகரத்துப் பஸ்களை ஆராயும் அலுவலகம் அப்படி ஒரு கணக்கு வைத்திருந்தது.

நிறுத்தச் சொன்னதும் அந்த அலுவலகம்தான்.

அவள் எழுதிக் கொடுத்த காகிதத்தை வைத்து.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காலை, இதே கருவியோடு அந்தப் பஸ்ஸில் ஏறினாள். நான்கு பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு ஊர் பூராவும் கரண்ட் நிறுத்தமுங்க, தறி ஓடாது" என்றார் கண்டக்டர். "நாளைக்கு வந்து எண்ணிப் பாருங்க. நிக்க எடம் இருக்காது."

அலுவலகத்துக்குப் போன் செய்தாள். ஒரு பஸ்ஸுக்கு ஒரு நாள்தான் என்றார்கள். மறுநாள் அவளுக்கு வேறு பஸ்.

நான்கு என்று எழுதினாள். பொய் இல்லை. அதுதான் இத்தனை நாளாக அவளை அரிக்கிறது.

தறி வேலைக்குப் போகும் பெண்கள் வந்தார்கள். சோற்றுத் தூக்குப்போசியும் கையுமாக, சாலையோர மண்ணில் ஒருவர் பின் ஒருவராக. லாரி கடக்கும்போதெல்லாம் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பிறகு நடந்தார்கள்.

பதினொன்று.

"மத்தவங்க பின்னால வர்றாங்களா?"

கடைசியாகத் தாண்டிய அம்மா நின்றாள். ஐம்பது வயதிருக்கும்.

"பின்னால ஆரும் இல்லீங்க. போன மாசம் எம் மகள இந்த எடத்துல லாரி அடிச்சுக் கொன்னு போட்டுது. அதுல இருந்து நெறைய ஊட்டுல பொம்பளைங்கள உடறதில்ல."

நீங்கள் மட்டும் ஏன் வருகிறீர்கள் என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தூக்குப்போசியைப் பார்த்தாள். சின்னது.

அன்றைக்குக் கரண்ட் இல்லை, நான்கு. இன்றைக்குப் பயம், பதினொன்று. இதையும் உள்ளபடி எழுதினால் பஸ் வராது. இந்தப் பதினோரு பேரும் நாளைக்கும் இதே மண்ணில்தான் நடப்பார்கள்.

கோட்டைச் செருப்பால் தேய்த்தாள். முழுதாக அழியவில்லை.

"பஸ் இருந்தப்ப யார் யார் வந்தீங்க? பேரைச் சொல்லுங்கம்மா."

அந்த அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் போசியைக் கீழே வைத்தாள்.

"பாவாயி. மாதேஸ்வரி. மேக்கால ஊட்டு தைலா."

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அழுத்து.

முன்னால் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, ஆனாலும் நின்றார்கள். ஆளுக்கு ஒரு பெயர் சொன்னார்கள். ரத்தினா. அவளோட நாத்தனார். பிள்ளை பெத்துட்டு வீட்டில் இருக்கிற பூவாத்தா. பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கருவியில் என்ன எண் என்று அவள் பார்க்கவில்லை.

எல்லோரும் சொல்லி முடித்தார்கள்.

அந்த அம்மா மட்டும் விரலை மடக்கியபடியே நின்றாள்.

"கோகிலவாணி" என்றாள். "அவளையும் போடலாமுங்களா?"

மற்றவர்கள் மண்ணைப் பார்த்தார்கள்.

ஒரு லாரி போனது. தூசி அடங்கியது.

அழுத்தினாள்.