கூப்பிட்டும் வராதவர்

"டிரைவர் எந்தக் கட்டில்?" என்று கேட்டுக்கொண்டே சுகாதார நிலையத்து நர்ஸ் மூச்சிரைக்க வார்டுக்குள் நுழைந்தாள். பஸ் டிப்போ ஆளுக்குப் பக்கவாதம் என்றதும் அவர்தான் என்று முடிவு கட்டி ஓடி வந்திருந்தாள்.

கட்டிலில் கிடந்தது கண்டக்டர். டிரைவர் கால்மாட்டில் குத்துக்கல்லாட்டம் நின்றிருந்தார்.

அதைப் பார்க்கப் பார்க்கக் கண்டக்டரின் மனைவிக்கு வயிறு எரிந்தது. போன வருஷம் டிரைவர்களுக்காக டிப்போவில் நடந்த முகாமில், இந்த மனிதருக்குத்தான் ரத்தக் கொதிப்பு எக்கச்சக்கம் என்று வந்தது. மாத்திரை இலவசம், உப்பைக் குறையுங்கள், சிகரெட்டை விடுங்கள், வேலைக்கு ஒன்றும் ஆகாது என்று நர்ஸ் முகம் பார்க்காமல் போனிலேயே தொண்டைத்தண்ணி வற்றக் கூப்பிட்டாள். அவர் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அதைக் கதை கதையாகச் சொன்ன கண்டக்டர், இப்போது வாய் கோணி, வலது பக்கம் விழுந்து, பேச்சில்லாமல் கிடக்கிறார். தலைவலி என்றுகூட ஒரு நாள் படுத்ததில்லை அவர்.

முன்பே மாத்திரை சாப்பிட்டிருந்தால் இதைத் தடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். நோயே இல்லாதவருக்கு யார் மாத்திரை தருவார்கள்? அவளுக்கு அதுதான் ஆறவில்லை.

நிற்பவர்தான் டிரைவர் என்று தெரிந்ததும், நர்ஸ் கையோடு கொண்டுவந்த கருவியின் பட்டையை அவர் கையில் சுற்றினாள். நம்பாமல் மறுபடியும் சுற்றிப் பார்த்தாள். கொதிப்பே இல்லையே, ஒரு மாத்திரையும் சாப்பிடாமல் எப்படி இறங்கியது என்று கேட்டாள்.

மனைவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "நோய் உங்களுக்கு வந்துச்சு, அண்ணே. விழுந்து கிடக்கறது எம் புருஷன். இது என்ன நியாயம்?"

டிரைவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கண்டக்டரின் உணர்வில்லாத கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"கொதிப்பு இருந்தா ஸ்டியரிங்கை விட்டு இறக்கிடுவாங்கன்னு பயந்தேன், தங்கச்சி. முகாம்ல எம் பேரச் சொல்லிக் கையை நீட்டினது இவன்தான். மாட்டிக்குவோமேங்கற பயத்துல இவனுக்குக் கொதிப்பு ஏறியிருக்கும்னு ரெண்டு பேரும் சிரிச்சோம்."