வியாழக்கிழமை ரோபோ எழும்பும்

“இதெல்லாம் ஒரு கதையா? இவ்ளோ பெரிய ரோபோ, இன்னும் கடலுக்குள்ளயே நிக்குது! ஓட்டுற பையன் உக்காந்து அழுவுறான்! இனிமே இந்தக் கண்றாவிய நான் பாக்க மாட்டேன்லா!”

பக்கிரிசாமி போட்ட சத்தத்தில், மலேசியாவின் கிள்ளான் நகரில் ஒரு டயாலிசிஸ் சென்டரில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் விழித்துக்கொண்டார்கள். கையில் ஊசி இருந்ததால் அவரால் எழுந்து நிற்க முடியவில்லை. அந்த எரிச்சலும் குரலில் சேர்ந்துகொண்டது.

பக்கத்து நாற்காலியில் கிரிகரி. அவர் கையிலும் ஊசி. “பொறு பக்கிரி. இப்பதான் கதை சூடு பிடிக்குது.”

யாரோ பென்டிரைவில் கொண்டுவந்து டிவியில் போட்ட ஜப்பான் கார்ட்டூன் தொடர் அது. பேச்சு ஜப்பான் மொழி, கீழே ஓடுவது சீன எழுத்து. சீன முதலாளியிடம் ரொம்ப காலம் லோரி ஓட்டிய கிரிகரிதான் அதைப் பார்த்துப் பார்த்துக் கதை சொல்வார்.

“பையனோட சித்தப்பா ரோபோ சாவிய ஒளிச்சு வச்சிட்டாரு. சொத்துத் தகராறு.”

“ரோபோவுக்கு என்னய்யா சொத்து?”

“வியாழக்கிழமை தெரிஞ்சிடும்.”

“போன வாரமும் இதையேதான் சொன்ன! உன் பேச்ச நம்புனேன் பாரு, என்னைச் சொல்லணும். வியாழக்கிழமை நான் வரவே மாட்டேன், போ!”

கிரிகரியின் முகம் வெளிறிப்போனது. “டேய், டயாலிசிஸ் செய்யலைன்னா செத்துப்போயிடுவடா!”

“சாவுறேன்! இதப் பாக்கறதுக்கு அதே மேலு!”

“பக்கிரி, சித்தப்பா கண்டிப்பா மாட்டிக்குவாரு. ரோபோ எழும்பும். நான் கேரண்டி. வந்துடுடா.”

“எழும்பலைன்னா உன்னைத்தான் ஒதைப்பேன். நீ ஒழுங்கா வந்து சேரு. நீ இல்லைன்னா இந்த எழுத்த எவன் படிக்கறது?”

“நான் வராம எங்க போகப்போறேன்?” என்றார் கிரிகரி.

அவருக்குத்தான் முதலில் டயாலிசிஸ் முடிந்தது. அவர் வெளியே போனதும், பக்கிரிசாமியின் ஊசியைக் கழற்ற வந்தாள் புனிதா. புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்.

“பாவம் அங்கிள் அவரு. நீங்க வரமாட்டேன்னதும் எப்படிப் பதறிட்டாரு! இங்கிலீஷ் எழுத்து ஓடுறது இருக்கு, அதைப் போடவா? சண்டையே வராது.”

“அதைத் தொட்டுடாத மிஸ்ஸி!” என்று சீறினார் பக்கிரிசாமி. பிறகு, டிவியில் நின்றுபோயிருந்த சீன வரியை ஒரே மூச்சில் கடகடவென்று வாசித்தார்.

புனிதா வாயைப் பிளந்தாள்.

“ஆறு வருசம் சீனப் பள்ளிக்கூடம். இதுல சித்தப்பாவும் இல்ல, சொத்தும் இல்ல. அவனுக்கு ஒரு எழுத்துகூடத் தெரியாது.”

“அப்புறம் ஏன் அங்கிள், இப்படிச் சண்டை போட்டுக் கதை கேக்குறீங்க?”

“பொண்டாட்டி செத்துப்போனதும், டயாலிசிஸும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு வீட்டுல படுத்துட்டவன் மிஸ்ஸி அவன். நான் வராம நின்னுடுவேனோன்னு பயந்துதான் இப்ப ஒரு நாள் விடாம வர்றான்.”